ஆர்மோன் கங்காணியின் சோளப் பெரட்டு

உலகத்தில் வேர் விடாத பொருள் என்று எதுவுமே இல்லை, பூச வேண்டியதைப் பூசாமல் விட்ட சோம்பேறிகள்தான் உண்டு என்று நம்பிய மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் உங்கள் வீட்டு நாற்காலிக் காலுக்கும் அவர் மருந்து தடவிவிட்டுப் போயிருப்பார்.

தோட்டத்தில் அவருக்குப் பெயர் ஆர்மோன் கங்காணி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸில் வேலையாட்கள் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தில் மட்டும் கிடந்தது. கங்காணி என்றதும் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கையில் தடி என்று யாரையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவருக்குக் கீழே வேலை செய்ய ஒரு குஞ்சும் கிடையாது. ஆளே இல்லாமல் கங்காணிப் பட்டம் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் ஸ்டோர் கிளாக்கர். வயது இருபத்திரண்டு. உரம், மருந்து, மண்வெட்டி, சுண்ணாம்பு எல்லாம் என் சாவிக்குள். அந்தச் சாவிக்கொத்தை இடுப்பில் குலுக்கிக்கொண்டு நடந்த என் நடையை இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அவர் வேலை செய்தது தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில். அதுவரை கொட்டை போட்டுத்தான் கன்று எடுத்தார்கள். அப்போதுதான் ஒரு இலையும் ஒரு துண்டுத் தண்டுமாக வெட்டி ஊன்றும் முறை வந்திருந்தது. தண்டின் அடியைத் தொட்டு ஊன்றினால் சீக்கிரம் வேர் வரும் என்று சின்னத்துரை ஒரு வெள்ளைப் பவுடர் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று இவர் கேட்டார். "ஹார்மோன்" என்று நான் படித்துக் காட்டினேன். அவர் வாயில் அது ஆர்மோன் ஆகி அங்கேயே தங்கிவிட்டது.

மூன்றாவது வாரம் ஒரு தண்டைப் பிடுங்கிப் பார்த்தார். அடியில் வெள்ளை வெள்ளையாக வேர். அன்றைக்குப் பிடித்தது அவருக்குப் பைத்தியம். முதலில் தன் வழுக்கைத் தலைக்குப் பூசினார். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதைப் பார்த்துவிட்டார்.

"தலையில என்னய்யா சுண்ணாம்பு?"

"ஆர்மோனுங்க."

"தலையில எதுக்கு?"

"மயிருக்கும் வேருதானுங்களே!"

மயிர் வரவில்லை. கொப்புளம் வந்தது. கொப்புளத்துக்கு மருந்து போட்ட டாக்டரையா, அதாவது எங்கள் தோட்டத்து டிஸ்பென்சர், போகிற போக்கில் தம் குடையைத் தவறணையில் மறந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஆள் அனுப்பிக் கேட்டார். வரவில்லை. நேரில் போனார். குடை தலைகீழாக ஒரு கூடை மண்ணில் ஊன்றப்பட்டு, மேலே நிழலுக்குப் பன்னம் என்ற காட்டுச்செடித் தழையும் போட்டிருந்தது. "பிரம்புக் கைப்பிடிங்கய்யா, உசுரு இருக்கும். இன்னும் ரெண்டு நாள் பொறுங்க" என்றாராம். டாக்டரையா அதற்குப் பிறகு மழையில் நனைந்தாலும் நனைந்தாரே ஒழிய, தவறணைப் பக்கம் குடை கொண்டுபோனதில்லை.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் கொஞ்சம் கஷ்டம்.

ஈரத்தில் குந்தி உட்கார்ந்தே வேலை செய்த முழங்கால்கள் ஒரு மாசி மாதம் மடங்க மறுத்துவிட்டன. புதிதாக வந்திருந்த பெரிய துரை, குந்த முடியாதவன் பெயர் செக்ரோலில் எதற்கு என்று கேட்டார். பேர் வெட்டச் சொன்னார். மாதக் கடைசியில் ஆபீஸுக்குக் கைகொடுக்கப் போனவன் நான். சிவப்பு மையால் அவர் பெயரின்மேல் கோடு போட்டது என் கை.

பேர் வெட்டினால் லயத்துக் காம்பராவையும், அதாவது தோட்டம் கொடுத்த ஒற்றை அறை வீட்டையும், விட வேண்டும். ஒரு காம்பராவுக்குக் குறைந்தது ஒரு வேலைப்பேராவது இருக்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அவர் மனைவி செவனம்மாவின் பேர் அதற்கு முன்னமே போய்விட்டது. கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கோணலாகக் கூடியவர் அவர். காம்பராவின் முன்னால் உள்ள இஸ்தோப்பைத் தாண்டி நடக்க மாட்டார். இலங்கைப் பிரஜா உரிமைக்கு எழுதிப்போட்டது திரும்பி வந்திருந்தது. இந்தியாவில் இருவரையும் அடையாளம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்தப் பத்தடிக் காம்பராவைவிட்டால் இருவருக்கும் கால் வைக்க இடம் கிடையாது.

ஆர்மோன் கங்காணி துரையின் வழியை மறித்துக் கும்பிட்டு நின்றார். துரை நல்ல மனநிலையில் இருந்தார். அதுதான் வினை. லயத்துக்குக் கீழே ஓயா என்கிற சிற்றாற்றை ஒட்டி ஒரு பள்ளம் உண்டு. மழைக்காலத்தில் எருமை இறங்கினாலும் அமுங்கும். போஞ்சி போட்டவன், கிழங்கு போட்டவன் எல்லாரும் கையைச் சுட்டுக்கொண்ட இடம். துரை பிரம்பால் அதைக் காட்டினார்.

"நீ அங்கே சோளம் போடு. நம்ம பங்களாவில் கோழி நெறைய இருக்கி. ஆவணி மாசம் சோளம் நின்னா, நீ வாச்சர். காம்பரா இருக்கலாம். நிக்கல்லே, போ."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அன்றைக்கே மண்வெட்டியோடு பள்ளத்தில் இறங்கித் தண்ணீர் வடியக் கான் வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

சித்திரை மழைக்குச் சோளம் முளைத்தது. நூற்றுச் சொச்சம் செடி. அப்போதுதான் கங்காணிப் பட்டம் கிடைத்தது. விடிந்ததும் மேலே தப்பு அடிப்பார்கள். சனம் எல்லாம் பெரட்டுக் களத்துக்கு ஓடும். அங்கே பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். முப்பத்தைந்து வருடம் அந்தச் சத்தத்துக்கு எழுந்தவர், பேர் வெட்டிய பிறகு வீட்டில் கிடக்க முடியாமல் தவித்துப் போனார். கிழிந்த கோட்டும் தலையில் சாக்குமாகப் பள்ளத்து ஓரத்தில் போய் நின்று சோளத்துக்குப் பெரட்டு வைத்தார்.

"ராமசாமி!"

"வந்துருக்கு!" என்று இஸ்தோப்பில் இருந்தபடி செவனம்மா குரல் கொடுப்பார். அவருக்கு அங்கேயிருந்து எல்லாச் செடியும் தெரியும்.

"பெரிய கங்காணி!"

"வந்துருக்கு. ஆனா வாடிக்கிட்டுல்ல நிக்கிது."

"அப்ப அரைப்பேரு!"

நன்றாக நின்ற செடிக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளக் கணக்கு, சோர்ந்ததற்குப் பாதிநாள் கணக்கான அரைப்பேர், செத்ததற்குப் பேர் வெட்டு. தோட்டத்துச் சட்டம் அப்படியே. எழுதத் தெரியாதவர். காம்பராச் சுவரில் கரியால் ஒவ்வொரு செடிக்கும் ஒரு வரி இழுத்து, முழுப்பேருக்கு நீளக் கோடு, அரைப்பேருக்குக் குட்டைக் கோடு என்று போட்டு வைப்பார்.

உயிரோடு இருக்கிறவர்கள் பெயரைச் செடிக்கு வைத்ததில்தான் சிக்கல். முள்ளம்பன்றி ஒரு செடியைத் தின்றது. பேர் வெட்டினார். மதியத்துக்குள் ராக்காயி கொழுந்துக் கூடையோடு வந்து இறங்கிவிட்டாள்.

"எம் புருசன் பேர வெட்டிட்டியாமே! அந்த ஆளு குத்துக்கல்லாட்டம் ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கான்! ஒனக்கு வேற சோலி இல்ல?"

"பன்னி தின்னுட்டுதும்மா. நான் என்ன பண்றது?"

"பன்னியா? எம் புருசனையா?"

அடுத்து, தனக்கு அரைப்பேர் விழுந்த விஷயம் கேட்டுப் பெரிய கங்காணியே தடியோடு வந்தார். அன்று மாலை ஆர்மோன் கங்காணி ஒரு முடிவுக்கு வந்தார். "இனிமே செத்தவங்க பேரும் கப்பலேறிப் போனவங்க பேருந்தாங்க. அவங்க யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க" என்று என்னிடம் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுநாள் போய்க் கேட்டேன். மண்சரிவில் புதைந்தவர்கள், காய்ச்சலில் போனவர்கள், தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிக் கடிதம் போடாதவர்கள் என்று வரிசை வரிசையாகக் கூப்பிட்டார். அத்தனை செடிக்கும் பெயர் இருந்தது. கடைசி வரிசையில் முத்து, பொன்னி என்று இரண்டு பெயர். அந்த இரண்டுக்கும் செவனம்மாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்து வந்தது. அவர்கள் பெற்று, நடக்கிற வயதில் பறிகொடுத்த பிள்ளைகள். அதன் பிறகு அந்தப் பெரட்டைக் கேட்டு நான் சிரிக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். முதல் வரிசை முதல் செடியை அவர் கூப்பிடுவதே இல்லை. தொட்டுப் பார்ப்பார், நகர்ந்துவிடுவார்.

"அதுக்குப் பேர் இல்லையா கங்காணி?"

"இருக்குங்கய்யா. பெரிய எடத்து ஆளு. மருவாதிக்குச் சத்தம்போட்டுக் கூப்புடுறதில்ல."

துரைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசி கடைசியில் மழை பிடித்தது. கோத்மலைப் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை. ஓயா புரண்டு கானுக்குள் ஏறிப் பள்ளம் முழுக்க முழங்கால் தண்ணீர். வடித்துவிட்ட தண்ணீர் வெட்டிய வழியாகவே திரும்பி வந்தது. நான்காம் நாள் அடி இலை மஞ்சளித்தது. பெரட்டில் எல்லாருக்கும் அரைப்பேர்.

அவர் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கிளாக்கர் ஐயா, அடி வேரு மூச்சு முட்டிச் சாவுதுங்க. தண்ணிக்கு மேல கணு இருக்குல்ல, அங்க புதுசா வேரு விட வச்சிட்டா பொழைச்சிக்கும். அந்த ஆர்மோனு கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

கேட்டபோது குடையை ஊன்றிய அதே மூளை என்றுதான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், தண்ணீரில் நிற்கும் சோளம் பிழைப்பதற்குத் தானாகச் செய்யப் பார்க்கிற வேலையும் அதுதான். அவர் அதற்குக் கைகொடுக்கப் பார்த்தார். படித்தவர்கள் பலர் கண்ணில் படாதது தண்ணீருக்குள் நின்றவர் கண்ணில் பட்டிருக்கிறது. தவறணை சோதனை முடிந்து திரும்பி வந்த டின்னில் அடியில் கொஞ்சம் இருந்தது. கொடுத்தேன்.

தேங்காயெண்ணெயில் குழைத்துக் கணுவில் தடவினார். மழை கழுவாமலிருக்கச் செவனம்மாவின் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு செடிக்கும் கட்டுப் போட்டார். அந்த வழியாக வந்த டாக்டரையா நின்று பார்த்துவிட்டு, "என் ஆஸ்பத்திரியில்கூட இத்தனை கட்டு இல்லையே" என்றார். எட்டாம் நாள் கட்டை அவிழ்த்தபோது தண்ணீர் மட்டத்துக்கு மேலே கணுவைச் சுற்றி வேர். சிவப்பாக, விரல் நீளத்துக்கு. அவர் தண்ணீருக்குள் நின்றபடியே செவனம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார்.

அந்தப் பவுடர் முன் வரிசைகளுக்குத்தான் எட்டியது. மூன்றில் இரண்டு பங்கு செடி பாக்கி. மறுபடியும் வந்தார். டின் காலி. ஆனால் மேல் தட்டில் இன்னொரு டின் இருந்தது. அதிலும் வெள்ளைப் பவுடர். அதிலும் ஹார்மோன் என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் நிறைய எழுதியிருந்தது. நான் ஒரு வார்த்தையைப் படித்தேன். மற்றதைப் படிக்கவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற திமிர்.

"ரெண்டும் ஒன்னுதான் கங்காணி. கொண்டு போங்க."

அது களைக்கு அடிக்கும் மருந்து. ஒரு வகையில் நான் சொன்னது பொய்யும் இல்லை. அதுவும் ஹார்மோன்தான். அகல இலைச் செடி அதைத் தாங்காமல் முறுக்கிக்கொண்டு செத்துப்போகும். சோளம் புல் சாதி, சாகாது. பைத்தியம் பிடித்தாற்போல வேர் விடும், தண்டு மட்டும் உள்ளுக்குள் மொறமொறப்பாகிவிடும். இதையெல்லாம் பல வருடம் கழித்து ஒரு விவசாய அதிகாரி எனக்கு விளக்கினார். அன்றைக்கு நான் பார்த்தது வேரை மட்டும். பின் வரிசைகளில் வேர் கை அகலத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டிப் புறப்பட்டது. நுனி இலை வெங்காயத் தாளாகச் சுருண்டது.

"எலை சுருளுதுங்களே, ஐயா?"

"சத்து ஏறுது. அப்படித்தான் இருக்கும்" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்!

ஆனி முடிவில் துரை வந்து பார்த்தார். தண்ணீருக்குள் பச்சையாக நின்ற சோளத்தைக் கண்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "குட்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ஒரு வாரம் சாப்பிட்டார்கள்.

ஆடிக் காற்று ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் வந்தது. லயத்துத் தகரம் இரண்டு பறந்தது. விடிந்ததும் நான் பள்ளத்துக்கு ஓடினேன். முன் வரிசைகள் சாய்ந்திருந்தன, ஆனால் நின்றன. பின் வரிசைகள் முழுக்கக் கணுவில் சுண்ணாம்புக்கட்டி ஒடிந்தாற்போல ஒடிந்து தண்ணீரில் மிதந்தன. ஆர்மோன் கங்காணி அவற்றுக்கு நடுவே நின்று பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெயரைக்கூட விடவில்லை. நின்றவற்றுக்குச் செவனம்மா பதில் சொன்னார். ஒடிந்தவற்றுக்குச் சத்தமில்லை.

"முத்து."

காற்றுதான் வீசியது.

"பொன்னி."

செவனம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் துரை வந்தார். கோபத்தோடு வரவில்லை. "பரவா இல்லே. கொஞ்சம் நின்னிச்சி. இந்தத் தண்ணியிலே ஒருத்தன் இவ்வளவு செஞ்சது இல்லே" என்றார். வாச்சர் வேலையைக் கொடுக்கத்தான் வாயெடுத்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதற்குள் ஒடிந்த தண்டு ஒன்றைப் பிரம்பால் இழுத்து எடுத்துவிட்டார். ஒட்டிப்போன வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"இது களை மருந்து. ஸ்டோர் பூட்டு இருக்கி. யார் குடுத்தது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். சாவிக்கொத்து இடுப்பில் இருந்தது. 'நான்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அந்த நேரம் எனக்குக் கிடைத்தது. நான் சொல்லவில்லை.

"நாந்தாங்க தொரை எடுத்தேன்" என்றார் ஆர்மோன் கங்காணி. "கிளாக்கர் ஐயா சோத்துக்குப் போன நேரம் பாத்து."

"கள்ளன்" என்றார் துரை. "சனிக்கிழமை காம்பரா காலி."

துரை போன பிறகு நான் அழுதேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டே, "எனக்குப் போனது போச்சுங்க, ஒங்களுக்கும் எதுக்கு? பொய் சொன்னேன்ல, இன்னிக்கு எனக்கு அரைப்பேருதான்" என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். முடியவில்லை. அப்போதாவது துரையின் பின்னால் ஓடியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

சனிக்கிழமை செவனம்மாவைக் கம்பளியில் உட்கார வைத்து இரண்டு பேர் பாதைவரை தூக்கிப்போனார்கள். பொல்பிட்டியப் பக்கம் தங்கை மகன் ஒருவன் இருந்தானாம். அவனிடம் போவதாகச் சொன்னார்கள். அவன் வரச் சொன்னானா என்று யாரும் கேட்கவில்லை. தகரப்பெட்டியை நான் சுமந்தேன். பஸ் ஜன்னலில் இருந்து செவனம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மொத வரிசை மொத செடி நிக்கிதுங்களா, ஐயா?"

"நிக்கிதும்மா."

"பாத்துக்குங்க. அது ஒங்க பேருங்க. டின்னு எழுத்தப் படிச்சுச் சொன்ன மகராசன்னு வச்சாரு."

பஸ் போய்விட்டது. காம்பராவைப் பூட்டிச் சாவியை எடுத்துவரப் போனேன். சுவர் முழுக்கக் கரிக்கோடு. பின் வரிசைச் செடிகளின் கோடுகள் புதன்கிழமையோடு நின்றிருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே தனியாக ஒரு வரி. அது அவருடையதாக இருக்க வேண்டும். தினமும் நீளக் கோடு, வியாழக்கிழமைக்கு மட்டும் குட்டைக் கோடு. சொன்னபடி தனக்கு அரைப்பேர் போட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே என் வரி. மழையிலும், செடி மஞ்சளித்த நாட்களிலும், துரை முன்னால் நான் வாயடைத்து நின்ற அந்த வியாழக்கிழமையும் எனக்கு முழுப்பேர்தான் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை கண்டாக்கையா ஸ்டோருக்கு ஆள் அனுப்பினார். அந்தக் காம்பராவுக்குப் புதுக் குடும்பம் வருகிறதாம், சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வேண்டுமாம். சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். ஸ்டோரில் மூன்று மூட்டை இருந்தது.